இருபத்திரண்டு நிமிடம்

ஃபியோர்டைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம்.
காற்று எதிர்த்தால் இருபத்தைந்து.
வாஃபிள் சுடவும் காபி ஊற்றவும் பாதி போய்விடும்,
மிச்சம் எனக்கு.
அந்த மிச்சத்துக்குள் ஓர் அத்தியாயம் முடியவில்லையென்றால்
அது என் புத்தகம் இல்லை.

யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

பயணிகள் விட்டுப்போவதுதான் என் நூலகம்.
உயிர்காப்பு அங்கிப் பெட்டிக்கு மேலே ஒரு தட்டு.
ஈரத்தில் ஊதிப்போனவை,
பழுப்புப் பாலாடைக்கட்டியின் விரல்ரேகை பதிந்தவை.

காதல் கதையில் முப்பதாம் பக்கம் சண்டை,
நூற்றெண்பதாம் பக்கம் மழை.
அன்றைக்கென்று எல்லோரும் ஏன் குடையை மறக்கிறார்கள்?
எங்கள் துறையில் வருடத்தில் பாதி நாள் மழைதான்.
ஒருத்தனும் நனைந்தபடி ஓடிவந்து
என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.
ஆனாலும் அந்த இடம் வரும்போது
காபி இயந்திரம் கத்துவது என் காதில் விழுவதில்லை.

வேலையை விட்டுவிட்டுப் பேக்கரி திறக்கும் பெண்களின் கதை
ஐந்து படித்திருக்கிறேன்.
நான்காகவும் இருக்கலாம், ஒன்றையே இரண்டு தடவை.
ஒருத்திக்கும் முழங்கால் வலி இல்லை.
ஒருத்திக்கும் மாவு என்ன விலை என்று தெரியாது.

இங்யெர்ட் டீச்சர் கொடுத்தது வேறு வகை.
"பரிசு வாங்கியது, குன்வோர். நிதானமாகப் படி."
அப்பாவின் படகை ஒருவன் பார்க்கிறான்,
நாற்பது பக்கம் பார்க்கிறான்.
நான் தினமும் படகிலேயே நிற்கிறேன், அம்மணி!
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் நன்றாக இருந்தது,
இல்லையென்று சொல்லமாட்டேன்.
இப்போது அது வாஃபிள் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில்.
மேசை ஆடுவதில்லை.

ஈஸ்டர் வந்தால் இந்த நாடே கொலை படிக்கும்.
பனிச்சறுக்குக் கட்டையோடு மலைவீட்டுக்குப் போகிறவர்கள்
பையில் ஆளுக்கொரு பிணம் வைத்திருப்பார்கள்.
திரும்பும்போது என் தட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள்.
இந்த வருடம் பதினான்கு.
ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும்
பென்சிலில், பொடி எழுத்தில்:
"பல் மருத்துவர்."
"தங்கை."
"தபால்காரன் அல்ல, அவன் மைத்துனன்."

மீன் லாரி ஓட்டும் ஓட்வார் என்று நினைத்தேன்.
அவன் சிரிப்பே அப்படி.
இரண்டு வாரம் அவனுக்கு ஆறின காபி.

பிறகு ஒருநாள் மேலே, சுக்கான் அறைக்கு
சூப் கொண்டுபோனேன்.
கேப்டன் தூர்லைஃபின் காதில் பென்சில்.
நாட்குறிப்பில் அலை உயரம், காற்றின் திசை,
அதே பொடி எழுத்து.

"ஏன்யா?" என்றேன்.
கண்ணாடிக்கு வெளியே மோவாயை நீட்டினார்.
"முப்பது வருடமாக எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே
ஓட்டுகிறேன். போய்ச் சேராமலா இருக்கிறேன்?"
சூப்பில் உப்பு குறைவு என்றும் சொன்னார்.

கோபத்தில்தான் எடுத்தேன், தங்கை கொன்ற கதையை.
அவள் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள்.
துப்பறிகிறவருக்கு இன்னொரு கரண்டி போடுகிறாள்.
"போதுமா?" என்று கேட்கிறாள்.
தெரிந்துவிட்டதால் அவள் கையையே பார்த்தேன்.
நகத்தடியில் மண் என்று எழுதியிருந்தது.
தெரியாமல் படித்திருந்தால் தாவிப்போயிருப்பேன்.
இரண்டு கடப்பில் முடிகிற புத்தகம்
ஒன்பது கடப்பு எடுத்தது.
அதிலே ஒரு வாஃபிள் கருகியது.

ஓட்வாருக்கு நேற்று சூடான காபி,
காசில்லாமல் வாஃபிள், இரட்டை ஜாம்.
காரணம் கேட்டான். சொல்லவில்லை.
தட்டிலிருந்து ஒன்றை உருவினான். பல் மருத்துவர்.
"நன்றாயிருக்குமா?"

முதல் பக்கத்தை அவன் பார்க்குமுன்
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தேன்.
பாதிதான் அழிந்தது.

"மூன்று கடப்பு," என்றேன்.
"நடுவில் கொஞ்சம் இழுவை.
நாய் சாகாது."